ஜாதகம் டாக்டரும் என் குண்டுவின் ரத்தமும்

நாயின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து நாலு நம்பர் லாட்டரி எடுத்த முட்டாள், கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சிவப்பணு நூற்றுக்கு நாற்பத்தொன்று என்றிருந்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு எண்ணையும் சேர்த்துக் கட்டினேன். விழவில்லை. தாளின் அடியில் ‘எல்லாம் நார்மல்’ என்றிருந்ததையும் அப்படியே நம்பினேன். நாயோ சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எண்பதுகளில் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த மிருக வைத்தியரை நாங்கள் ‘ஜாதகம் டாக்டர்’ என்றே சொல்வோம். அப்பன் ஆத்தாள் யாரென்று தெரியாமல் ஒரு நாயின் ரத்தத்தில் ஒரு சொட்டைக்கூட நம்பாத மனிதர், ஈரேழு உலகத்திலும் அவர் ஒருவர்தான். பெண் பார்க்க வரும் சம்பந்திகூட அத்தனை கேள்வி கேட்க மாட்டார்.

பண்டமாரானிலிருந்து ஓர் அண்ணன், தாடி வைத்த ஷ்னோசர் நாயோடு வந்தார். குழாயில் எடுத்த ரத்தம் பால் கலந்தது போல் நின்றது.

“கொழுப்பா டாக்டர்? செத்துப் போயிடுமா?”

“இந்த வகைக்கு ரத்தத்துல கொழுப்பு கொஞ்சம் கூடத்தான் நிக்கும். அது அதோட வம்சம். காலையில என்ன போட்டே?”

“ரொட்டி சானாய்... கறிக்குழம்போட.”

“அது உன்னோட வம்சம். நாளைக்கு வெறும் வயித்தோட வா. நாயைச் சொன்னேன்!”

அல்சேஷன் குட்டியின் ரத்தத்தில் ஏதோ ஓர் எண் எகிறிவிட்டது, கல்லீரல் போச்சு என்று அழுதுகொண்டு வந்தார் ஓர் ஆன்டி. “வளர்ற குட்டி ஆன்டி, எலும்பு கட்டுது. உங்க மகனுக்குச் சட்டை பத்தலைன்னா டாக்டர்கிட்டயா ஓடினீங்க?” என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

என் குண்டுவின் கதைக்கு வருகிறேன். சுபாங் ஜெயாவில் இருந்த வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குத் திரும்பும்போது என் தலையில் கட்டிய நாய் அது. விலா எலும்பை எண்ணிவிடலாம். பாவி மனுஷன் பட்டினி போட்டிருக்கிறானே என்று திட்டி, குண்டு என்று பெயர் வைத்து, நெய்ச்சோறு பிசைந்து ஊட்டினேன். மிச்சத்தைத் தின்று நான்தான் பருத்தேன். பிறகு அது சாப்பாட்டை விட்டது. வேறொரு கிளினிக்கில் ரத்தம் பார்த்து அந்த ‘நார்மல்’ தாளை வாங்கினேன். அது எழுந்து நிற்கவும் முடியாமல் போனபோதுதான் ஜாதகம் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“என்ன வகை?”

“கம்பத்து நாய், டாக்டர். சும்மா நாட்டு நாய்தான். பட்டினி கிடந்தது.”

குண்டுவின் முதுகு வளைவைத் தடவினார். தொடையை அழுத்திப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இது கிரேஹவுண்ட் லா! ஓடப் பொறந்தது. ஒல்லியாத்தான் இருக்கும்.”

“ஆனா ரிப்போர்ட் நார்மல்தானே?” தாளை நீட்டினேன்.

“யாருக்கு நார்மல்? தாள்ல அச்சடிச்சிருக்கிறது எல்லா நாய்க்கும் பொது அளவு. நாப்பத்தொண்ணு கம்பத்து நாய்க்குச் சரி. இதுக்கு அம்பதுக்கு மேல நிக்கணும். ரத்தம் எங்கேயோ அழிஞ்சுக்கிட்டிருக்கு. விட்டா பொழைக்காது.”

அந்தக் கிளினிக்குக்குப் போன் போட்டார். அங்கே சிரித்தார்கள். “சிரிக்கட்டும்” என்று போனை வைத்துவிட்டு, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து நுண்ணோக்கியில் குனிந்தார். மேசையில் அவருக்கு வைத்திருந்த தே தாரிக் டீ ஆறி ஆடை படிந்தது. வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். மனிதர் நிமிரவில்லை.

“டாக்டர், ஒருவேளை ஒண்ணும் இல்லையோ...”

“வாயை மூடு.”

கடைசியில் மேசையைத் தட்டினார். “மாட்டிக்கிட்டான்!” உண்ணிக் காய்ச்சல். சிவப்பணுவுக்குள்ளேயே கிருமி உட்கார்ந்திருந்தது.

ஊசி போட்டு, குண்டுவைத் தன் அறையிலேயே படுக்க வைத்தார். நான் போகும்போதெல்லாம் வாசலிலேயே நிறுத்துவார். “நாப்பத்துமூணு. போ.” “நாப்பத்தெட்டு. நெய்ச்சோறு கொண்டாந்தே, உன்னைக் கட்டிப் போடுவேன்.” ஐம்பதைத் தாண்டிய பிறகும் விடவில்லை, இன்னொரு தடவை பார்த்துத்தான் நம்பினார்.

அதன் பிறகு ஒரு சாயங்காலம் மூவரும் திடலுக்குப் போனோம். டாக்டர் குனிந்து வாரைக் கழற்றினார். குண்டு ஒரு கணம் காற்றை முகர்ந்தது. அப்புறம் கால் தரையில் படுவதே தெரியவில்லை. பந்தாடிக்கொண்டிருந்தவர்கள் பந்தை விட்டுவிட்டு வாய் பிளந்தார்கள். டாக்டரின் கண்களும் அதன் பின்னாலேயே ஓடின. அந்தப் பிடிவாதமான முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“டாக்டர், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே...”

“முதல்ல போய் நாயைப் பிடி லா.”