சீல் வைத்த தொக்கு

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கே சார்," என்றாள் ஷர்மிளா மேடம், ஐந்தாவது பாட்டிலிலும் கரண்டியை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு.

மகேந்திரனுக்கு உடம்பெல்லாம் பூரித்துப் போயிற்று. மாதனூரில் தன் வீட்டு வாசலில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, ஐந்து பாட்டில் கத்திரிக்காய்த் தொக்கை வரிசையாக நிறுத்திவிட்டு, இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் காலையிலிருந்து காத்திருந்தான்.

"ரொம்ப தேங்க்ஸ் மேடம். அஞ்சு இல்ல, அம்பது தொறந்தாலும் இதே டேஸ்ட்தான்."

"பாராட்டல சார். அதான் பிரச்சினைன்றேன்."

பாகாயத்திலிருந்து வந்திருந்த ஷர்மிளா, வேலூரில் சனிக்கிழமை நடக்கவிருந்த கைப்பக்குவச் சந்தையின் பொறுப்பாளர். வீட்டில், கையால், கொஞ்சமாகச் செய்கிறவர்களுக்கு மட்டுமே அதில் இடம். போன வருஷம் ஒரு மகானுபாவர் எங்கோ மெஷினில் அரைத்த ஊறுகாயை வாங்கித் தன் பெயரை ஒட்டி விற்று மாட்டிக்கொண்டார். அதிலிருந்து அவள் ஒவ்வொரு வீட்டுக்கும் கரண்டியோடு வந்து நிற்கிறாள்.

"கையால செஞ்சா ஒண்ணுக்கொண்ணு கொஞ்சமாவது வித்தியாசம் இருக்கும் சார். இது ஃபேக்டரி சரக்கு மாதிரியே இருக்கு."

மகேந்திரனுக்குத் தலை சுற்றியது. இருபத்திரண்டு வருஷம் ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கராக இருந்தவன் அவன். இடது காலுக்கும் வலது காலுக்கும் ஒரு தையல் வித்தியாசம் இருந்தால் அதில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, ஜோடியையே தூக்கி ஓரமாக வைத்தவன். அங்கே வித்தியாசம் இருந்தால் ரிஜெக்ட். இங்கே வித்தியாசம் இல்லையென்றால் ரிஜெக்ட். இது எந்த ஊர் நியாயம்?

ஷர்மிளா கையிலிருந்த ஃபாரத்தைப் புரட்டினாள். "சரி, உங்க கலை அனுபவத்தைச் சொல்லுங்க. ஓவியம், தையல், பாட்டு... முன்னாடி ஏதாவது உருவாக்கியிருக்கீங்களா?"

"உருவாக்கினது ஒண்ணுமில்ல மேடம். திருப்பி அனுப்பினதுதான் ஜாஸ்தி."

அவள் பேனாவை மூடினாள். "வியாழக்கிழமை சாயந்திரம் மறுபடி வர்றேன். மனுஷன் கை பட்ட தொக்கா காட்டுங்க. அப்பதான் ஸ்டால்."

ஸ்டால் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது மாதனூருக்கே தெரியும். மூன்று மாதத்துக்கு முன் மகேந்திரன், "இனிமே எவன்கிட்டயும் கை கட்டி நிக்கமாட்டேன், சொந்தமா தொக்கு போட்டு ஆளாவறேன்" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டு வேலையை விட்டான். ஆளும் ஆகவில்லை, தொக்கும் விலைபோகவில்லை. கம்பெனிக்காரர்கள் பெரிய மனசு பண்ணி, திங்கட்கிழமைக்குள் வந்தால் வேலை உண்டு என்றார்கள். ஆனால் அவனே தொழில் கற்றுக்கொடுத்த பையன்தான் இப்போது சூப்பர்வைசர். அவனிடம் போய்க் கையைக் கட்டி நிற்க வேண்டும்.

போதாக்குறைக்கு தினமும் காலையில் கம்பெனி பஸ் அவன் வாசலில்தான் நிற்கும். டிரைவர் தேவசகாயம் ஹாரனை அடித்து, "இன்னா மகேந்திரா, ஏர்றியா? உன் சீட்டு காலியாதான் கீது" என்பார். பஸ்ஸே சிரிக்கும். மகேந்திரன் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வான்.

அவன் மனைவி அம்சவேணி தினமும் காலையில் எதிர்வீட்டு அமிர்தவள்ளியிடம் தையல் வேலைக்குப் போகிறவள். அன்று திரும்பி வந்ததும் விஷயத்தைக் கேட்டாள். "இதுக்கா இவ்ளோ பேஜாரு? கண்ணளவா போட்டுக் கிண்டுங்க. வித்தியாசம் தன்னால வரும்."

"கண்ணளவுன்னா எத்தினி கிராமு?"

"கண்ணளவுன்னா கண்ணளவுதான்."

"அட, கூடக் கொறைய எவ்ளோ போலாம்? அஞ்சு கிராமு? பத்து கிராமு?"

அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். அவளுக்குத் தொக்கு வராது என்பது மகேந்திரன் எப்போதோ எடுத்துவிட்ட முடிவு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் எடுத்த முடிவுகளில் அவள் எதிர்த்துப் பேசாதது அது ஒன்றுதான்.

புதன்கிழமை மகேந்திரன் வித்தியாசத்துக்கு ஒரு சார்ட் போட்டான். கம்பெனியில் ஷூத் தோலின் கனம் பார்க்கிற கருவியால் கத்திரிக்காய்த் துண்டுகளை ஒவ்வொன்றாக அளந்தான். முதல் பாட்டிலில் உப்பு ஜாஸ்தி. இரண்டாவதில் புளி ஜாஸ்தி. மூன்றாவதில் மிளகாய்த்தூள். நான்காவதில் எல்லாமே கம்மி. ஐந்தாவதைக் கொஞ்சம் கருக விட்டான், மனுஷன் கை பட்டது தெரிய வேண்டுமே!

ருசி பார்க்க அமிர்தவள்ளி அக்காவைக் கூப்பிட்டான். பாவம், அவளும் நம்பி வந்தாள். முதல் வாயிலேயே கண் பிதுங்கிவிட்டது.

"யோவ், இது இன்னா? கத்திரிக்காவ உப்பு மூட்டைல போட்டு வச்சிருந்தியா?"

"நல்லா வித்தியாசம் தெரியுதாக்கா?"

"தெரியுதே! உசுரு போறதும் தெரியுது!" அவள் ஒரு சொம்பு தண்ணீரை மடமடவென்று குடித்தாள். "பேசாம உன் பொண்டாட்டிய ஒரு தபா கிண்ட வுடுய்யா."

"அவளா? அவளுக்கு இன்னாக்கா தெரியும்!"

அமிர்தவள்ளி அம்சவேணியைப் பார்த்தாள். அம்சவேணி ஃபேனைப் பார்த்தாள்.

உப்பைச் சரிக்கட்ட மகேந்திரன் வெல்லம் போட்டான். அவசரத்தில் அதைப் புளி பாட்டிலில் போட்டுவிட்டான். அதை எடுக்க முடியாமல் அதிலே மிளகாய்த்தூளைப் போட்டான். பிறகு எந்த மூடி எந்த பாட்டிலுக்கு என்பது குழம்பிவிட்டது. வியாழக்கிழமை காலையில் அவனுக்கே சார்ட்டில் எழுதியிருப்பது புரியவில்லை. அடுப்படியில் கால் வைக்க இடமில்லாததால் சோறும் ஆக்கவில்லை. மத்தியானம் அவனே ஆம்பூருக்குப் போய் அப்துல் வஹீத் பாய் கடையில் ரெண்டு பிரியாணி பார்சலும், வழக்கம்போலக் கெஞ்சிக் கூத்தாடி, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளத் தருகிற கத்திரிக்காய்த் தொக்கு மட்டும் தனியாக ஒரு பெரிய கவரும் வாங்கி வந்தான்.

விரலைச் சூப்பிக்கொண்டே சொன்னான்: "தொக்குன்னா இதான்டி தொக்கு. பாய் கையில இன்னாவோ கீது. உனக்கு இது ஏழு ஜென்மத்துக்கும் வராது."

"வராதுதான்," என்றாள் அம்சவேணி.

சாயந்திரம் ஷர்மிளா வந்துவிட்டாள். மகேந்திரன் வியர்த்துக் கொட்டி, எந்த பாட்டிலை எடுப்பது என்று தெரியாமல் நின்றான்.

"நீங்க போய் அந்தம்மாகிட்ட பேசினு இருங்க. நான் எடுத்தார்றேன்," என்றாள் அம்சவேணி.

ஒரே ஒரு பாட்டில் வந்தது. ஷர்மிளா ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். திறக்கவேயில்லை. அப்புறம் இன்னொரு கரண்டி எடுத்தாள். அப்புறம் இன்னொன்று.

"சார்! இத்தனை நாள் இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"எதை மேடம்?"

"இந்தக் கைப்பக்குவத்தை! எப்படி சார் செஞ்சீங்க?"

"அது... சார்ட் போட்டேன் மேடம்... அதுல ஒரு நாலாவது... இல்ல, மூடி மாறி..."

"அடக்கத்தப் பாரேன்!" அவள் ஃபாரத்தில் விறுவிறுவென்று எழுதினாள். "ஸ்டால் உங்களுக்குத்தான். சனிக்கிழமை நாப்பது பாட்டில் கொண்டாங்க. இதே டேஸ்ட், இம்மி கூட மாறக் கூடாது. காலைல மேடையில நீங்களே கிண்டிக் காட்டணும்."

போன தடவை ஒரே மாதிரி இருக்கக் கூடாது என்றவள், இப்போது இம்மி மாறக் கூடாது என்கிறாள். மகேந்திரன் எதற்கும் இருக்கட்டும் என்று தலையை ஆட்டினான்.

அவள் கார் கிளம்பியதும் உள்ளே ஓடினான். "அம்சா! எந்த பாட்டில் அது? உப்பா, புளியா, கருகினதா?"

"உங்க பாட்டில் எதையும் மூக்குகிட்டயே கொண்டுபோவ முடியல. மத்தியானம் வாங்கினு வந்தீங்களே, பாய் கடைத் தொக்கு, அதத்தான் ஊத்தினேன்."

மகேந்திரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அடிப்பாவி! கடைச் சரக்க நம்ம சரக்குன்னு குடுத்துட்டியே! போன வருஷம் ஒருத்தன் இதுக்குத்தான் மாட்டினான்!"

"ஸ்டால் கெடச்சுதா இல்லியா?" என்று கேட்டுவிட்டு அவள் எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து இரண்டு பொம்பளைகள் சிரிக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. இவனுக்கு உயிர் போகிறது, அவர்களுக்குச் சிரிப்பு!

ஷர்மிளாவுக்குப் போன் போட்டான். "மேடம், ஒரு உண்மை சொல்லணும். அந்தத் தொக்கு என்னோடது இல்ல..."

"கலைஞர்கள் எல்லாரும் இப்படித்தான் சார் சொல்வீங்க. எல்லாம் கடவுள் குடுத்ததுன்னு. போஸ்டர் போட்டாச்சு, பாருங்க!" வைத்துவிட்டாள்.

போஸ்டர் வாட்ஸ்அப்பில் வந்தது. மேசைக்குப் பின்னால் அவன் முழித்துக்கொண்டு நிற்கிற போட்டோ. மேலே கொட்டை எழுத்தில்: 'தோலைத் தொட்ட விரல்கள், இன்று தொக்கைத் தொடுகின்றன!'

வெள்ளிக்கிழமை காலை கம்பெனி பஸ் இரண்டு ஹாரன் கூடுதலாக அடித்தது. "தொக்கு ராஜா! எங்களுக்கும் ஒரு பாட்டில் எடுத்து வைய்யி!" பஸ்ஸில் எல்லோர் கையிலும் செல்போன், எல்லாவற்றிலும் இவன் மூஞ்சி.

சரி, நடந்தது நடந்துவிட்டது, இனி அதே ருசியைத் தானே கொண்டுவந்துவிட்டால் பொய் உண்மையாகிவிடும் என்று மகேந்திரன் கணக்குப் போட்டான். கம்பெனியில் இதற்கு ஒரு முறை உண்டு. வாங்குகிறவர் ஒப்புக்கொண்ட ஒரு ஷூவுக்கு அட்டை கட்டி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துப் பீரோவில் பூட்டிவிடுவார்கள். அப்புறம் வருகிற சரக்கெல்லாம் அதோடு ஒப்பிடப்படும். சாம்பிளை மட்டும் யாரும் காலில் போடக் கூடாது.

ஷர்மிளா மிச்சம் வைத்த பாட்டிலுக்கு அட்டை கட்டினான். தேதி போட்டான். கையெழுத்துப் போட்டான். அரக்கு வைத்துப் பீரோவில் பூட்டினான். முதல் சட்டித் தொக்கைக் கிண்டி இறக்கினான். பீரோவைத் திறந்து, சீலை உடைத்து, ஒரு கரண்டி ஒப்பிட்டான். சேரவில்லை. மறுபடி சீல் வைத்தான். இரண்டாவது சட்டி. சீலை உடைத்து ஒப்பிட்டான். புளி கம்மி. மூன்றாவது சட்டியில் எண்ணெய் ஜாஸ்தி. நான்காவது கிட்டத்தட்ட வந்த மாதிரி இருந்ததால் சந்தேகத்துக்கு மூன்று கரண்டி ஒப்பிட்டான்.

பதினோரு மணிக்குப் பீரோவைத் திறந்தால் கையெழுத்து இருந்தது, அட்டை இருந்தது, அரக்கு இருந்தது. தொக்கு இல்லை. ஷூவை யாரும் போட்டுத் தேய்க்க முடியாதபடி பூட்டினார்கள். தொக்கைப் பூட்டினால் சாவி வைத்திருக்கிறவனே தின்றுவிடுகிறான்!

மகேந்திரனுக்கு அழுகை வந்துவிட்டது. நாளைக்கு மேடையில் நின்று எதைக் கிண்டுவது? இருபத்திரண்டு வருஷம் அடுத்தவன் செய்ததில் தப்புக் கண்டுபிடித்தவனுக்கு, தானாக ஒன்றைச் செய்ய வரவில்லை. இதை ஊர் முன்னால் காட்டிக்கொள்வதைவிட அந்தப் பையனிடமே போய்க் கை கட்டி நிற்கலாம் போலிருந்தது.

அப்போதுதான் ஒரு யோசனை தோன்றியது. சட்டையை மாட்டிக்கொண்டு ஆம்பூர் பஸ்ஸில் ஏறினான்.

வஹீத் பாய் பிரியாணி அண்டா முன்னால் நின்று தட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். "வாங்கண்ணே! நேத்துதானே ரெண்டு பார்சல் வாங்கினு போனீங்க? எக்ஸ்ட்ரா தொக்கு கேட்டுத் தகராறு பண்ற கஸ்டமரு நீங்க ஒருத்தர்தான்."

"பாய், எனக்குப் பிரியாணி வேணாம். அந்தத் தொக்கு எப்படி செய்யறதுன்னு மட்டும் சொல்லிக்குடு. நாளைக்கு வேலூர்ல எம் மானம் போவப் போவுது." மகேந்திரன் போஸ்டர், மேடை, நாற்பது பாட்டில் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினான்.

பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணே, அல்லா மேல ஆணையா சொல்றேன், எனக்குப் பிரியாணிதான் தெரியும். தொக்கு தெரியாது."

"இன்னா பாய் சொல்ற? இத்தினி நாளா நான் சாப்ட்டது?"

"ரெண்டு வருசமா மாதனூர்லர்ந்து ஒரு அக்கா செஞ்சு அனுப்பறாங்க."

மகேந்திரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "மாதனூரா! அட, நம்ம ஊரு பாய்! பேரச் சொல்லு. நேரா போய்க் கால்லயே வுழுந்துடறேன். நாளைக்கு மேடையில அவங்களையே நிக்க வச்சுடறேன். எனக்கு ஸ்டாலும் வேணாம், ஒண்ணும் வேணாம், மானம் பொழைச்சாப் போதும்."

"பேரு மட்டும் கேக்காதீங்க. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க."

"இன்னாத்துக்கு சத்தியம்? தொக்குதானே செய்யறாங்க, கள்ள நோட்டா அடிக்கறாங்க?"

பாய் அகப்பையை வைத்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"அவங்க வூட்டுக்காரருக்கு ஷூ கம்பெனியில, தப்பு இருக்கற எடத்துல எல்லாம் சின்னதா செவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டற வேலையாம்ண்ணே, ஒருநாளு அந்தக்கா ஆசையா தொக்கு செஞ்சு வச்சதுக்கு சட்டி மேல ஏழு அம்பு ஒட்டிட்டுப் போய்ட்டாராம் அந்த மனுஷன், அன்னிலேர்ந்து வூட்ல கிண்டறத வுட்டுட்டு எதிர்வூட்ல கிண்டி நமக்குத்தான் அனுப்பறாங்க!"