ஆந்தை நீக்கப்பட்ட எகிப்து

நைல் நதிக்கும் தாமிரபரணிக்கும் இடையில் கிடக்கும் கடலையும் பாலைவனத்தையும் ஒரே கல்வியாண்டில் கடந்தவன் நான். நாகரிக வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்னும் என் பெயரைச் சேர்க்கவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. தகவல் போய்ச் சேர நாளாகும்.

தொண்ணூற்றாறாம் வருடம். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் நான் சரித்திர ஆசிரியர். எதிர்ச்சாரிப் பள்ளியில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. பிள்ளைகள் செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு, ஏ.சி. அறைக்குள் போய் அதைத் தரிசித்துத் திரும்பினார்கள். எங்கள் தாளாளர் குமரகுருபரன் அண்ணாச்சிக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

"வே, சிவசண்முகம்," என்று கூப்பிட்டார். "அவன் புதுசக் கொண்டாந்துட்டான். நாம பழசக் கொண்டாருவோம். ஒம்ம பாடத்துல ரொம்பப் பழசு எது?"

"எகிப்து, அண்ணாச்சி. படம் படமா எழுதுவாங்க."

"ஒமக்குத் தெரியுமா?"

"புஸ்தகம் இருக்கு."

"பொறவென்ன. நீருதான் நிபுணர்."

இப்படியாக நான் 'நிபுணர்' ஆனேன். மற்ற நாடுகளில் இதற்காக ஆயுள் முழுக்க மண்ணைத் தோண்டுகிறார்களாம். நல்ல தாளாளர் அமையாத குறை.

வகுப்பு நன்றாகவே நடந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஒவ்வொரு படமும் ஓர் ஒலி. அவரவர் பெயரை எழுதலாம் என்றேன். ஐந்தாம் வகுப்பு மீனு நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தாள். ஓர் ஆந்தை, இரண்டு நாணல், ஒரு நீரலை, ஒரு காடைக்குஞ்சு. மீனு.

"சார், மத்த பட்சியெல்லாம் பக்கவாட்டுல பாக்கறது. ஆந்தை மட்டும் நம்மளையே பாக்கறது," என்றாள்.

அதை நான் கவனித்ததே இல்லை. புத்தகத்தைப் பார்த்தேன். உண்மைதான். நிபுணருக்குரிய கம்பீரத்துடன், "ஆமாம், அதை அடுத்த வாரம் சொல்லலாம்னு இருந்தேன்," என்றேன். மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் அவள் எழுந்திருக்கவில்லை. ஜாமெட்ரி பாக்ஸ், சிலேட்டு, முழங்கை, எங்கும் ஆந்தை.

மறு வாரம் அவள் அம்மா பாகீரதி மீனுவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"குழந்தை பேரோட ஆரம்பத்துலயே ஆந்தையை உக்கார வச்சிருக்கேளே சார். நாளைக்குக் கல்யாணமாகி ஒரு இடத்துக்குப் போகவேண்டியவ."

"அது வெறும் ஒலிதாம்மா."

"அலறற ஒலி."

அவருக்குப் பின்னாலேயே நாறும்பூநாதன் நின்றார். அவர் மகள் பெயர் பிரம்மநாயகி. எகிப்தியரின் 'ப' எழுத்து ஒரு பாதம்.

"சாரே, எங்க அம்பாள் பேரு அது. எடுத்த எடுப்புல காலத் தூக்கி வச்சிருக்கீரு. எகிப்துக்காரன் வேணும்னே செய்யுதான்னு சொல்லல. ஆனா செஞ்சிருக்கான்."

தாளாளர் உடனே கூட்டத்தைக் கூட்டினார். தேங்காய் பன்னும் காபியும் வந்தன. 'உள்ளூர்ப் பண்பாட்டுக்கு ஊறு நேராவண்ணம் எகிப்து தொடர்ந்து நடத்தப்படும்' என்று தீர்மானம் நிறைவேறியது. ஆந்தைக்குப் பதில் கிளி. பாதத்துக்குப் பதில் தாமரை. கழுகைக் 'கருடன்' என்று அழைத்ததும் எல்லோருக்கும் திருப்தி. பாம்பை யாரும் கேட்பதற்கு முன்பே நானாக எடுத்துவிட்டேன். மூவாயிரம் வருடம் எந்த மன்னனும் கை வைக்கத் துணியாத எழுத்தை, காபி ஆறுவதற்குள் சீர்திருத்திய பெருமை எனக்கு உண்டு.

மறுநாள் மீனு ரப்பரால் ஆந்தையை அழித்தாள். காகிதம் அந்த இடத்தில் பொத்துப்போயிற்று.

"கிளி நன்னாத்தான் இருக்கு சார். ஆனா அது எழுத்தா?"

"தீர்மானம் ஆயிடுச்சும்மா," என்றேன்.

எங்கள் புகழ் பரவி, ஆண்டு விழாவுக்கு ஓர் அருங்காட்சியகப் பேருந்து பள்ளி வாசலில் வந்து நின்றது. உள்ளே எகிப்தியக் கல்வெட்டு ஒன்றின் அச்சு, சுண்ணாம்புச் சாந்தில் வார்த்தது. உயரம் ஓர் ஆள் இருக்கும். பிள்ளைகள் வரிசையாக ஏறினார்கள். முதலில் போன ஸ்ரீராகவ் எட்டிப் பார்த்து என்னிடம் திரும்பினான்.

"சார், தப்புத் தப்பா எழுதிருக்கா. ஒரு கிளியைக் கூடக் காணோம்."

தாளாளர் கல்லை மேலும் கீழும் பார்த்தார். பேருந்தோடு வந்த அதிகாரியிடம் தணிந்த குரலில், "இதத் திருத்தித் தரச் சொல்லி எழுதிப் போட முடியாதா?" என்று கேட்டார். அதிகாரி தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மீனு மட்டும் கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டாள். பின்னால் நின்றவர்கள் தள்ளியும் நகரவில்லை. வரிவரியாக ஆந்தைகள். அவள் உதடு ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டியது. பல இடங்களில் அவளுக்கு வாசிக்க வந்தது. எனக்கு வரவில்லை.

"சார், இவா ஊர்ல அம்மா யாரும் வந்து ஆந்தை வேண்டாம்னு சொல்லலியா?"

"சொல்லியிருப்பாங்கம்மா," என்றேன். "அங்க வாத்தியார் பயப்படல போலிருக்கு."

அவள் என் பக்கம் திரும்பினாள். குரலில் குற்றச்சாட்டே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்போ நீங்க எங்களுக்குச் சொல்லிக்குடுத்தது என்ன சார்?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் குமரகுருபரன் அண்ணாச்சி பின்னாலிருந்து எனக்குப் பொன்னாடை போர்த்திவிட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். மீனுவும் தட்டினாள். தோளிலிருந்து நழுவாமல் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.