தலைவர் நிற்க வேண்டிய இடம்

சூரியன் மேற்கே உதித்தாலும் உதிக்கலாம், தன் வண்டியில் முட்டை மட்டும் ஏறாது என்று கோதண்டம் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். சொன்ன கையோடு தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். துண்டை உதறினால் அந்த வீட்டில் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அப்படித்தான் கோதண்டம் பல வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் ஏத்த மாட்டீங்க?" என்றாள் மரகதம்.

"இது கல்லு ஏத்தற வண்டி. குவாரியில போயி கேட்டுப் பாரு. கோதண்டம் வண்டி வருதுன்னா பாறையே எறங்கி வந்து ஏறிக்கும்."

"கல்லு என்னிக்கோ ஒரு நாளு. மீதி நாளெல்லாம் வண்டி வேப்ப மரத்தடியில தூங்கினுதானே கீது? பூந்தமல்லியில ஞானம்மா ரொட்டிக் கடைக்கு வாராவாரம் முட்டை வேணுமாம். நம்ம கோழி, பக்கத்து வூட்டுக் கோழி எல்லாம் சேர்த்தா கூடை கூடையா தேறும். பஸ்ஸுல கொண்டு போலாம்னா கண்டக்டரு ஏத்த மாட்டேன்றான்."

"கண்டக்டருக்கே அவ்ளோ மானம் இருந்தா, ஓனரு எனக்கு எவ்ளோ இருக்கணும்? முட்டைக் கோதண்டம்னு பேரு வெச்சுடுவானுங்க ஊர்ல."

ஆனால் மானத்தை மட்டும் காரணமாகச் சொல்லிப் பெண்டாட்டியிடம் ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. ஆகவே கோதண்டம் இன்னொரு காரணத்தையும் எடுத்து விட்டார்.

"அப்புறம், இது குலுங்கற குலுங்கல்ல முட்டை முட்டையா போய்ச் சேராது. ஆம்லெட்டாத்தான் சேரும்."

அது என்னவோ உண்மைதான். யுத்தத்துக்காகக் கப்பலேறி வந்து, ஊர் திரும்ப மறந்துபோன அமெரிக்க பிக்கப் வண்டி அது. மிலிட்டரி ஏலத்தில் எடுத்த யாரோ ஒருவன், கல் ஏற்ற வேண்டும் என்று பின்பக்க ஸ்பிரிங்கில் இரும்புப் பட்டை மேல் பட்டையாக அடுக்கிவைத்திருந்தான். பாரம் ஏறினால் வண்டி பெட்டிப்பாம்பாகப் போகும். காலியாக ஓடினால் குதிக்கும். ஒருமுறை கோதண்டம் இருங்காட்டுக்கோட்டையில் போட்டுக்கொண்ட வெற்றிலையைப் பாதி மெல்லும்போதே பள்ளம் வந்து, மீதியை மூக்கால் மென்றார்.

ஸ்டீரிங் அதைவிட மோசம். அதைத் திருப்பினால் சக்கரம் உடனே திரும்பாது. யோசிக்கும். தேரடித் திருப்பத்தில் திரும்ப வேண்டுமானால் கோதண்டம் கடைத்தெருவிலேயே திருப்பத் தொடங்கிவிட வேண்டும். நடுவில் யாராவது வணக்கம் சொல்லிவிட்டால் வண்டி நேராகக் கோயில் குளத்துக்குப் போய்விடும்.

மரகதம் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. கோதண்டம் கவலைப்பட வேண்டிய இடம் அதுதான். அவரோ ஜெயித்துவிட்டதாக நினைத்து இன்னொரு தரம் துண்டை உதறினார்.

நாலைந்து நாள் கழித்து, ரசம் ஊற்றும்போது மரகதம் சாதாரணமாகச் சொன்னாள்.

"தலைவரு வராராம்."

"எங்க?"

"நம்ம ஊருக்குத்தான். கட்சி செயலாளரு நடேசன் பொஞ்சாதி ரத்னா குழாயடியில சொல்லிகினு இருந்தா. தொறந்த வண்டியில நின்னுகினே ஊர்வலம் போவாராம்."

கோதண்டத்தின் கை இலையில் அப்படியே நின்றது. அவர் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், அவருக்கே சரியாகத் தெரியாது. தலைவர் என்றால் அவருக்குத் தலைவர்தான். தலைவருக்கு முன்னால் ஸ்டீரிங் பிடித்து உட்கார்ந்து, மறுநாள் பேப்பரில் தலைவரின் காலுக்குக் கீழேயாவது தன் தலை தெரிய வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை.

"ஊர்ல தொறந்த வண்டி என்னுது ஒண்ணுதானே கீது!"

"குன்றத்தூர் ரகுபதி வண்டியைப் பேசிக்கீறாங்களாம்."

"ரகுபதியா? அது வண்டியா? தகர டப்பாவுக்கு சக்கரம் வெச்சவன்!"

"டப்பாவோ இன்னாவோ, குலுங்காதாம். உங்க வண்டியில தலைவரை நிக்க வெச்சா, கட்சி சாயங்காலத்துக்குள்ள வேற தலைவரைத் தேடணும்னு சிரிக்கறாங்க. எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சு. இன்னும் கொஞ்சம் ரசம்?"

ரசம் யாருக்கு வேண்டும்? கோதண்டம் கையைக் கழுவிக்கொண்டு நேரே நடேசன் வீட்டுக்குப் போனார். நடேசனுக்கு யாரிடமும் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. அவர் இருந்த தொழிலில் அது கெட்ட வார்த்தை. "கொண்டா கோதண்டம், பார்க்கலாம்" என்றார். கோதண்டம் சர்க்கார் வேலை கிடைத்தவர் மாதிரி திரும்பி வந்தார்.

மறுநாளே டிரங்க் ரோட்டோரம் ஷெட்டு போட்டிருந்த மெக்கானிக் யாக்கோபை வீட்டுக்குப் பக்கத்துக் களத்துக்கு வரவழைத்தார்.

"இன்னா அண்ணாத்தே, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?"

"முழுசா கழட்டு. தலைவரு பின்னால நிப்பாரு. கும்பிட்ட கை பிரியக் கூடாது. தெரியுதா?"

வண்டியைத் தூக்கி நாலு பக்கமும் கல் கொடுத்தார்கள். சக்கரம் இறங்கியது. முன்சக்கரத்தைத் தாங்கும் கிங் பின்னை யாக்கோபு தட்டித் தட்டி வெளியே எடுத்தான். சப்பிப் போட்ட எலும்பு மாதிரி இருந்தது. இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் டை ராடின் முனைகள் கிழவன் பல்லைப்போல ஆடின. ஸ்டீரிங் பாக்ஸைத் திறந்தால் உள்ளே கிரீஸுக்குப் பதில் மண். அதில் ஒரு எறும்புக் குடும்பம் சௌக்கியமாக இருந்தது.

கோதண்டம் டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து, "அப்படித்தான், அப்படித்தான்" என்று சொல்லும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். யாக்கோபு பழைய வண்டிச் சாமான் தேடிப் புதுப்பேட்டைக்குப் போனான், வந்தான், மறுபடி போனான். தேய்ந்துபோன இடத்துக்கெல்லாம் புது புஷ் அடித்தான். தூர்ந்து கிடந்த கிரீஸ் துளைகளையெல்லாம் கம்பி விட்டுக் குத்தித் திறந்தான். நெல் அவிக்கும் அண்டாவில் மண்ணெண்ணெயை ஊற்றிச் சாமான்களை ஊறப் போட்டபோதுகூட மரகதம் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பேருக்கும் மோர் கொண்டுவந்து வைத்தாள். தலைவர் வருகிற சேதி பெண்களுக்குக்கூட நாட்டுப்பற்றை ஊட்டிவிட்டதே என்று கோதண்டம் நெகிழ்ந்துபோனார்.

எல்லாவற்றையும் பூட்டி முடித்துக் கோதண்டம் ஸ்டீரிங்கைத் தொட்டார். சக்கரம் திரும்பியது. தொட்டவுடன் திரும்பியது! இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதை உடனே கேட்ட முதல் ஜீவன் அதுதான். அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

"தலைவரு நிக்க முடியுமான்னு எப்டிடா பாக்கறது? நீ நின்னு பாக்கிறியா?" என்று யாக்கோபைக் கேட்டார்.

"நானு வண்டிக்கு அடியில படுத்தே வளந்தவன். எனக்கு எல்லாம் ஒண்ணுதான் அண்ணாத்தே. நம்ம ஒடம்பை வெச்சு சொல்ல முடியாது."

மரகதம் மோர் டம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "தலைவரு நிக்கிற எடத்துல ஒரு கூடை முட்டையை வெச்சு ஓட்டிப் பாருங்க. முட்டை ஒடையலன்னா தலைவரும் ஒடைய மாட்டாரு."

யோசித்துப் பார்த்தால் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. முட்டையை ஏற்றுவது வேறு, முட்டையைச் சோதனைக்கு வைப்பது வேறு என்று கோதண்டம் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். இருங்காட்டுக்கோட்டை வரை போய்த் திரும்பினார். கூடைக்குக் கீழே மஞ்சளாக ஓடியது.

"அய்யோ, தலைவரு!" என்றார் கோதண்டம்.

யாக்கோபு பின்னால் குனிந்து பார்த்தான். "ஸ்டீரிங்கு பூ மாதிரி கீது. பட்டைதான் அண்ணாத்தே. கல்லுக்கு அடுக்கினது. ஆளு நிக்கிறதுக்கு இதுல பாதிகூட வாணாம். கழட்டிட்டா தொட்டில் மாதிரி போவும். ஆனா அப்புறம் கல்லு ஏத்தினா வண்டி குந்திக்கும், சொல்லிட்டேன்."

கோதண்டம் தயங்கினார். கல் என்பது அவருடைய கௌரவம். குவாரியில் அவர் வண்டிக்குத் தனி வழி விடுவார்கள்.

"உங்களுக்குக் கல்லுதான் முக்கியம்னா விட்டுடுங்க," என்றாள் மரகதம். "தலைவரை ரகுபதி பாத்துப்பாரு."

"கழட்டுடா!" என்றார் கோதண்டம். "ஊர்வலம் முடிஞ்சதும் திருப்பி மாட்டிக்கலாம்."

யாக்கோபு கழற்றிப் போட்ட பட்டைகள் களத்தில் ஒரு குவியலாகக் கிடந்தன. கால் இடறும் என்று சொல்லி மரகதம் அவற்றை அப்புறப்படுத்தினாள். இன்னொரு கூடை முட்டை ஏறியது. வண்டி இருங்காட்டுக்கோட்டைக்குப் போய் வந்தது. ஒரு முட்டைக்கு வேர்க்கக்கூட இல்லை.

தலைவர் வரும் நாள் வந்தது. கோதண்டம் வண்டிக்கு வாழை மரம் கட்டினார், கொடி கட்டினார், பின்னால் ஜமக்காளம் விரித்தார், தலைவர் பிடித்துக்கொள்ளக் குறுக்கே ஒரு கம்பி வைத்து அதற்கு வெல்வெட் சுற்றினார். மாப்பிள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி, ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி விடியற்காலையிலிருந்து காத்திருந்தார்.

உச்சி வெயிலில் ஒரு கறுப்புக் கார் வந்தது. கண்ணாடி முழுக்க ஏற்றியிருந்தது. நடேசன் மாலையோடு குறுக்கே ஓடினார். கார் கொஞ்சம் ஒதுங்கி, அவரை விட்டுவிட்டுப் போனது. போகிற போக்கில் கண்ணாடி லேசாக இறங்கி ஒரு கை வெளியே வந்தது. மக்களுக்கு ஆட்டினதா, வெற்றிலை துப்ப வழி கேட்டதா என்று ஊரில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. அப்புறம் புழுதிதான் மிச்சம்.

புழுதி அடங்கியபோது வண்டிக்குப் பக்கத்தில் மரகதம் நின்றாள். அவளுக்குப் பின்னால் தெருப் பெண்கள், தலைக்கு ஒரு முட்டைக் கூடையோடு.

"ஜோடிச்ச வண்டியை வெறுமனே வூட்டுக்குத் திருப்பினா நல்லாவா கீது?" என்றாள் மரகதம். "பூந்தமல்லி வரைக்கும் போயிட்டு வந்துடலாம்."

கோதண்டம் கார் போன பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடைகள் ஜமக்காளத்தில் ஏறின. அவை சரியாமல் பார்த்துக்கொள்ள மரகதமும் ஏறி, வெல்வெட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி புறப்பட்டது.

வழியில் இருங்காட்டுக்கோட்டையில் ஜனங்கள் காலையிலிருந்து மாலையும் கையுமாக நின்றிருந்தார்கள். கறுப்புக் காரை அவர்கள் யாரோ சேட்டு என்று நினைத்து விட்டுவிட்டார்கள். இப்போது கொடி தெரிந்தது, வாழை மரம் தெரிந்தது, மேலே ஒரு உருவம் நிற்பது தெரிந்தது. "வாழ்க! வாழ்க!" என்று கிளம்பிவிட்டார்கள். கிட்டே வந்தபின் பெண்பிள்ளை என்று தெரிந்தும் யாருக்கும் நிறுத்தத் தோன்றவில்லை. கொண்டுவந்த மாலையை யாருக்காவது போட்டாக வேண்டுமே! மரகதம் மாலைகளை வாங்கிக்கொண்டாள், கும்பிட்டாள். ஒரு பெரியவர் தெருக்குழாய் வேண்டும் என்று மனு கொடுத்தார். அதையும் வாங்கிக் கூடையில் பத்திரமாக வைத்தாள். பூந்தமல்லி வரை அவள் கும்பிட்ட கை பிரியவே இல்லை. முன்னால் உட்கார்ந்து ஓட்டினவரை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞானம்மா ஒவ்வொரு முட்டையாக வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். "ஒண்ணுகூட கீறலே! செவ்வாக்கெழமை செவ்வாக்கெழமை வந்துடுங்க மரகதம்" என்றாள். கோதண்டத்தைப் பார்த்து, "டிரைவருக்கு ஒரு பன்னு குடு" என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

அந்த பன்னைக் கோதண்டம் பாதியிலேயே வைத்துவிட்டார். போதும், எல்லாம் போதும். மறுநாள் காலையில் முதல் வேலையாக யாக்கோபின் ஷெட்டுக்குப் போனார்.

"பட்டையை மாட்டுடா. நான் குவாரிக்குப் போவணும்."

"பட்டை எங்க அண்ணாத்தே கீது? அண்ணிதானே எடுத்துகினு போனாங்க."

"அப்ப புதுப்பேட்டையில வேற வாங்கு!"

"இந்த வண்டிக்கா? யுத்தம் முடிஞ்சதுமே அமெரிக்காக்காரன் இதை அடிக்கறதை வுட்டுட்டான். அங்க டை ராடு கெடைச்சதே நம்ம அதிர்ஷ்டம்."

கோதண்டம் வீட்டுக்கு ஓடினார். மரகதம் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் உட்கார்ந்திருந்த அரிவாள்மணை புத்தம் புதுசு. பளபளவென்று வளைந்திருந்த அந்த இரும்பின் அடியில், ஸ்பிரிங் பட்டைகளைச் சேர்த்து முடுக்கும் போல்ட்டுக்கான ஓட்டை இருந்தது.

"மரகதம், இது..."

"கொல்லுப்பட்டறை பலராமன் அடிச்சுக் குடுத்தாரு. ஸ்பிரிங்கு பட்டையில அடிச்சா ஆயுசுக்கும் மழுங்காதாமே! முட்டை குடுக்கற வூட்டுக்கெல்லாம் ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டேன். பொம்பளைங்களுக்கு அவ்ளோ சந்தோஷம்."

கோதண்டம் காது கொடுத்துக் கேட்டார். பக்கத்து வீட்டிலும் நறுக்கும் சத்தம். எதிர் வீட்டிலும் நறுக்கும் சத்தம். தன் கௌரவம் தெரு முழுக்கப் புடலங்காயும் கத்திரிக்காயும் அரிந்துகொண்டிருப்பது அவருக்குக் கேட்டது.

"எப்ப குடுத்தே பட்டறைக்கு?"

"யாக்கோபு கழட்டினான் பாருங்க, அன்னிக்கே."

"அன்னிக்கேவா? அப்ப தலைவரு நம்ம வண்டியில நிக்க மாட்டாருன்னு உனக்கு அன்னிக்கே..."

"அவருக்கு முட்டிவலிங்க. எந்த ஊருலயும் காரை வுட்டு எறங்கறதே இல்லையாம். ரத்னா குழாயடியிலயே சொன்னா."

"ரகுபதி வண்டி?"

"அதை அவரு வித்துப் போட்டு வருஷமாவுது."

கோதண்டம் தோள் துண்டை எடுத்தார். உதறாமலே திரும்பப் போட்டுக்கொண்டார். புடலங்காய் வட்ட வட்டமாக முறத்தில் விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் குரலைக் கனமாக்கிக்கொண்டு, ஓனர் என்ற முறையில் கேட்டார்.

"செவ்வாக்கெழமை வண்டியை எத்தினி மணிக்குத் தயார் பண்ணணும்?"

"வண்டி தயாராத்தான் கீது," என்றாள் மரகதம். "நீங்க நேரத்தோட எழுந்தாப் போதும்."