கங்காணி சுண்டிப் பார்க்கும் குடம்

வைரவநாதன் குடத்தை விரலால் சுண்டினார். நேற்றுவரை இழுத்துப் பாடிய பித்தளை, இன்று 'தொட்' என்றது. திருப்பிப் பார்த்தால் கழுத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல்.

இலங்கை மலையகத்துப் பதுளைக் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவருக்கு ஒரு குடம் போனால் குடியா முழுகிவிடும்? ஆனால் இது விற்பனைக் குடமில்லை. மகள் சந்திரகாந்தியின் சீருக்கென்று தூத்துக்குடியிலிருந்து தருவித்த மூன்றில் ஒன்று. மாப்பிள்ளை முத்தையாவின் அப்பா நல்லையா, மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாட்களை மேய்க்கும் தலைக்கங்காணி. அந்த மனுஷன் பெண்ணைக்கூட அரைக்கண்ணால்தான் பார்ப்பார். சீர்க்குடத்தைச் சபை நடுவே வைத்து, சுண்டி, காது கொடுத்துக் கேட்பார். மூத்த மகனுக்கு ஹல்துமுல்லையில் பேசிய சம்பந்தத்தை, குடத்தின் சத்தம் பிடிக்கவில்லை என்று தட்டோடு திருப்பி அனுப்பியவர் அவர்.

சந்திரகாந்தியோ பண்டாரவளைச் சந்தையில் முத்தையாவைப் பார்த்த நாளிலிருந்து, இந்த இடம் தவறினால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு பட்டிருக்குங்க," என்றாள் மனைவி விசாலாட்சி.

கண்ணேறு என்றால் வைரவநாதனிடம் ஒரே மருந்துதான்: கோமியம். ஊருக்கு வெளியே மாடு வைத்திருக்கும் பெரியாயி வெள்ளிதோறும் கொண்டுவருவாள். அவர் கடை முழுக்கத் தெளிப்பார். மகளின் குடங்களுக்கு மட்டும் ஒரு கை கூடுதல். பெரியாயி அதை மண்கலயத்தில் ஏந்தி வருவதுதான் அவருக்கு எரிச்சல். பித்தளை விற்கிறவன் கடைக்கு மண்பாண்டத்தோடு வருவதா? ஒரு சொம்பு வாங்கக் கூடாதா என்று கேட்டால், அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

இனி வெள்ளி மட்டும் போதாது, தினம் கொண்டுவா என்றார். தெளிப்பதை விட்டு, மீதி இரண்டு குடங்களையும் கோமியத்தால் குளிப்பாட்டத் தொடங்கினார்.

சில நாள் கழித்து, கடையில் யாருமில்லாத மத்தியான வேளையில், இரண்டாவது குடம் அவர் கண்ணெதிரே 'டிக்' என்றது. யாரும் தொடவில்லை. பூனைகூடக் குறுக்கே ஓடவில்லை. பயம் ஒருபக்கம் இருக்க, அவருக்கு அதிசயம் தாங்கவில்லை. சும்மா இருந்த உலோகம் தானாக எப்படிப் பிளக்கும்? நகத்தால் கீறினார், மோந்தார், நாலாபக்கமும் திருப்பி வெயிலில் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

பாத்திரம் அடிக்கும் கன்னார் ரெங்கசாமியைக் கூப்பிட்டனுப்பினார். அவர் குடத்தை மடியில் போட்டுத் தடவிப் பார்த்தார்.

"செம்பு ரெண்டு பங்கு, துத்தநாகம் ஒரு பங்கு. சரக்கு சுத்தம்," என்றார். "அடிக்க அடிக்க இது இறுகும். இறுகுனது நல்லாப் பாடும், ஆனா உள்ளுக்குள்ள கோவத்தை வச்சிருக்கும். தணல்ல காட்டுனா கோவம் போயிரும்."

"அப்ப மூணாவதையாவது காட்டுங்க."

ரெங்கசாமி காட்டினார். கோபம் போனது வாஸ்தவம்தான். கூடவே பாட்டும் போய்விட்டது. சுண்டினால் பூசணிக்காயைத் தட்டினதுபோல் 'பொத்' என்றது. அழுத்தின இடத்தில் குழி விழுந்தது. கோவமும் பாட்டும் ஒண்ணாத்தான் போகும், அதை நீங்க கேக்கலையே என்றார் ரெங்கசாமி.

சந்திரகாந்தி சாப்பாட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டாள். தூத்துக்குடிக்குத் தந்தி பறந்தது. புதுக்குடம் கப்பலேறி, ரயிலேறி வந்தது. ரயில் அப்போது பண்டாரவளையோடு சரி. அங்கே வைரவநாதனே போய், பதுளைவரை மாட்டுவண்டியில் குடத்தை மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். வீட்டில் சுண்டினார். அந்த நாதம் அடங்குமுன் விசாலாட்சி ஒரு வெற்றிலை மடித்து முடித்தாள். சந்திரகாந்தி எழுந்து வந்து சிரித்தாள்.

இந்தத் தடவை அவர் எதையும் விட்டுவைக்கவில்லை. சீர் போய்ச் சேரவேண்டிய மடுல்சீமைக்குப் பாதை மோசம், வண்டிப் பயணம் இரண்டு நாள். வழியில் எத்தனை கண்கள்! நாள்பட்டதற்குத்தான் வீரியம் என்று பெரியாயியிடம் பழைய கோமியமாகக் கேட்டு வாங்கினார். வைக்கோலை அதில் ஊறவைத்துக் குடத்தைச் சுற்றிக் கட்டி, நனைந்த சாக்கில் பொதிந்து, வாயை இறுக்கித் தைத்தார். நெடி கண்ணைக் கரித்தது. துணைக்குப் போகும் மைத்துனர் ராமாமிர்தம் மூக்கைப் பொத்திக்கொண்டு, போய்ச் சேர்ந்ததும் அவிழ்த்துக் கழுவிவிடட்டுமா என்று கேட்டார்.

"தொடப்படாது. கங்காணி கையாலதான், சபையிலதான் அவிழ்க்கணும்."

வண்டி விடியற்காலையிலேயே புறப்பட்டுப் போய்விட்டது. வைரவநாதன் அன்றுதான் நிம்மதியாக உட்கார்ந்து காப்பி குடித்தார். வெயில் ஏறிய பிறகு பெரியாயி வந்தாள். மனசு நிறைந்திருந்ததால், அலமாரியிலிருந்து பளபளவென்று ஒரு பித்தளைச் சொம்பை எடுத்து நீட்டினார். மக கல்யாணத்தையே காப்பாத்திக் குடுத்திருக்கே, இனிமே இதுல கொண்டா என்றார்.

பெரியாயி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாங்க மொதலாளி. எங்கிட்ட இருந்த பித்தளைச் சொம்பு ரெண்டும் கோமியம் புடிச்சுப் புடிச்சுத்தானே கழுத்துல வெடிச்சுப்போச்சு. அதுக்கப்புறந்தான் மண்கலயத்துக்கு மாறுனேன்."