சாக்குத் திரைக்குப் பின்னால் ஒரு மிஷின்

காலையில் சாக்குத் திரையை விலக்கிய காசிமாயன் முதலில் தரையில் குளம் கட்டி நின்ற ஆயிலைப் பார்த்தார். அடுத்து, கடையில் விறகு பிளக்கும் பேயாண்டியைப் பார்த்தார். கோடாலிக்குப் பக்கத்தில், வேலை ஆரம்பிக்கும் முன்பே வேர்த்து வடிந்து நின்றுகொண்டிருந்தான் பேயாண்டி.

"ஏண்டா, எங்கிட்டுருந்து வாரே?"

"வீட்டுலருந்துதாண்ணே."

"வீட்டுலருந்து வாரவனுக்கு எதுக்கு இம்புட்டு வேர்வை?"

"வெக்கைண்ணே."

அது மார்கழி மாதம். காசிமாயன் மனதில் குறித்துக்கொண்டார்.

ஆரப்பாளையத்தில் அவருடைய விறகுக்கடையைத் தெரியாதவர்கள் இல்லை. உடைந்துபோன டிப்பர் லாரி ஒன்றின் ஜாக்கியைப் பழைய இரும்புக்கடையில் பார்த்த நாளிலிருந்து, அவருக்குக் கடை மறந்துபோனது. மண்லோடு லாரியையே தூக்கி நிறுத்துகிற ஜாக்கி, ஒரு புளியங்கட்டையைப் பிளக்காதா? படுக்கவைத்த ஜாக்கி, அதற்கு ரப்பர் குழாய் வழியாக ஆயில் தள்ள ஒரு பம்ப், பம்பைச் சுற்ற தோட்டத்துக் கிணற்றிலிருந்து பெயர்த்து வந்த இன்ஜின், எதிர்முனையில் தண்டவாளத் துண்டில் தீட்டி எடுத்த கத்தி. ஜாக்கி தள்ளும், கட்டை கத்தியில் போய் மோதிப் பிளக்கும். யாரும் பார்த்துக் காப்பியடித்துவிடக் கூடாதென்று சுற்றிலும் சாக்குத் திரை. அவரும் நாள் முழுக்க அதற்குள்தான் இருந்தார்.

தல்லாகுளத்தில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் பிச்சுமணி ஐயர், மாதிரிக்கு வாங்கிப்போன விறகைப் பார்த்து அசந்துவிட்டார். "எல்லாம் ஒரே கனம், ஒரே நீளம். எப்படிய்யா பிளந்தீர்?" என்று கேட்டார். "மிஷின்ல சாமி" என்றார் காசிமாயன். வெள்ளிக்கிழமை நேரில் பார்த்துவிட்டு, தை முகூர்த்தம் முழுவதற்கும் விறகைக் காசிமாயனிடமே எடுப்பதாகப் பேச்சு.

மிஷின் ஓடினால் கோடாலிக்கு வேலையில்லை. அப்படியானால் ரப்பர் குழாயில் ஓட்டை போடுவது யார்? போலீஸ் வந்துதான் கண்டுபிடிக்க வேண்டுமா?

குழாயைக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். கட்டிய இடம் தாங்கியது; அதற்கு ஒரு சாண் தள்ளிப் பிய்த்துக்கொண்டது. ஆகவே மனைவி ரெங்கம்மாளைக் காவல் போட்டார்.

"அவன் மேல ஒரு கண்ணு வச்சுக்க."

"நான் தராசைப் பாப்பேனா, அவனைப் பாப்பேனா?"

"ரெண்டையும் பாரு."

மதியம் திரை இடுக்கு வழியாகப் பார்த்தார். ரெங்கம்மாள் பேயாண்டிக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். இருவரும் குசுகுசுவென்று ஏதோ பேசினார்கள். இவர் இருமினார். பேச்சு நின்றது. அன்றிலிருந்து சந்தேகம் இரண்டு பேர் மீதும் ஆனது.

மறுநாள் விடியுமுன்பே பேயாண்டியைக் கொட்டாம்பட்டிக்கு லோடு ஏற்ற அனுப்பிவிட்டுத் தனியாக மிஷினை ஓட்டிப் பார்த்தார். ஜாக்கி முக்கியது, முனகியது. கட்டை கத்தியில் முட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. வேறு கட்டை வைத்தார், அதுவும் நின்றது.

"போறவன் எதையோ கழட்டிட்டுப் போயிருக்கான்."

"எதை?" என்றாள் ரெங்கம்மாள்.

"அது தெரிஞ்சா மாட்டியிருக்க மாட்டனா?"

பம்பைப் பிரித்து மாட்டினார். இரண்டு திருகு மிச்சம் வந்தது. அவற்றையும் பேயாண்டி கணக்கில் சேர்த்தார்.

அவன் திரும்பி வந்ததும், கண் முன்னாலேயே இருக்கட்டும் என்று கட்டை வைக்கிற வேலையைக் கொடுத்தார். பேயாண்டி தானே ஒரு கட்டையைத் தேர்ந்து தூக்கிவந்து, அதன் முனையை உள்ளங்கையால் பொத்தினாற்போலப் பிடித்துக் கத்திக்கு நேராக வைத்தான். ஜாக்கி நகர்ந்தது. கட்டை வெள்ளரிப்பிஞ்சாக இரண்டாய் விழுந்தது. அடுத்த கட்டையும் அப்படியே. வேறொரு ஆளாயிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். காசிமாயன் இன்ஜினை நிறுத்திவிட்டு நேரே தராசடிக்குப் போனார்.

"ரெங்கம்மா, அவன் தொட்டா ஓடுது, நான் தொட்டா நிக்குது. மிஷினைக் கட்டி வச்சிருக்கான்."

"கயித்தாலயா?"

"மந்திரத்தால. கட்டையைத் தொடுறப்ப பாத்தியா, வாய் முணுமுணுங்குது."

"அவன் வெத்தலை மெல்லுதான்."

"நீ அவன் பக்கந்தான்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். பேயாண்டியைக் கூடலழகர் கோயில் பக்கம் விறகு போட வண்டியோடு அனுப்பினார். அவன் மிஷினுக்குப் பக்கத்தில் எடுத்து அடுக்கியிருந்த கட்டைகளை ஒன்றுவிடாமல் தெருவில் தள்ளினார். கடை வாசலில் இருந்த பெரிய அடுக்கின் அடியிலிருந்து, அவன் கையே படாத கட்டையாகப் பார்த்து உருவினார்.

பிச்சுமணி ஐயர் வெளுத்த வேட்டியும் விபூதியுமாக வந்து நின்றார்.

"இதுதானா?"

"இதேதான் சாமி. கிட்ட வந்து பாருங்க."

கிட்ட வந்தார். இன்ஜின் அதிர்ந்தது. ஜாக்கி கட்டையைத் தள்ளியது. கட்டை கத்தியை முட்டியது. காசிமாயன் விசையைக் கூட்டினார். கட்டை அசையவில்லை. இன்னும் கூட்டினார். ரப்பர் குழாய் மூட்டோடு கழன்று, ஒரு சுற்றுச் சுற்றி, இருந்த ஆயில் முழுவதையும் ஐயர் மீது பீய்ச்சிவிட்டு ஓய்ந்தது.

ஐயர் முகத்தில் வழிந்த ஆயிலை வழித்து உதறினார்.

"விறகு எப்படிப் பிளந்தீர்னு கேட்டதுக்கு எனக்கு எண்ணெய் ஸ்நானம் பண்ணி வைக்கிறீரே" என்றார் பிச்சுமணி.

"பாத்தீகளா சாமி, ஆளு இங்க இல்லாதப்பயே என்னமாக் கெடுக்கான்."

"எவன்?"

"பேயாண்டி. அவன்தான் இதை ஓடவிடாமப் பண்றது. இன்னையோட அவன் சீட்டைக் கிழிச்சிருதேன்."

அப்போது எதிர்த்த டீக்கடை நல்லகாமன், விருந்தாளி வந்திருப்பதைப் பார்த்து மூன்று கிளாஸ் டீயோடு உள்ளே வந்தான். தராசடியிலிருந்து ரெங்கம்மாள் அவனிடம் வேண்டாம் வேண்டாமென்று கண்ணைக் காட்டினாள். அவன் கவனம் அங்கே இல்லை. கத்தியில் முட்டிக்கொண்டு நின்ற கட்டையைக் குனிந்து தடவிப் பார்த்தான்.

"என்னண்ணே, முழுக் கட்டையப் போய் இதுல வச்சிருக்கீக? நீங்க திரைக்குள்ளயே கெடந்தாத்தான் கடையில எல்லாரும் நிம்மதியா வேலை பாக்கலாம்னு அக்கா சொல்லி, பேயாண்டி தெனமும் விடியுமுன்ன என் கடைக்குப் பின்னாடி உக்காந்து முக்கால்வாசி பிளந்து கொண்டாந்து வைக்கிறானே, அந்தக் கட்டையெல்லாம் எங்கண்ணே?"