ஆர்கண்டது அண்ணையும் கோட்டோபாக்சியும்

“எரிமலையைப் பற்றிப் படிக்கிறியோ? உள்ளுக்க நெருப்பு இருக்கெண்டு ஆர் கண்டது?”

என்னிடம் இப்படிக் கேட்டவரைப்போல் சந்தேகப்படுகிற இன்னொரு மனிதர் மொன்றியல் தீவில் கிடையாது. சென்ட் லோரன்ட் பகுதியில் எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் ‘ஆர்கண்டது அண்ணை’. மருந்துக் கொம்பனியில் பெட்டிக்கு ஒரு குளிசையை உடைத்துப் பார்ப்பது அவர் வேலை. வேலை முடிந்தபின் உலகத்தை உடைத்துப் பார்ப்பார். வானொலி மைனஸ் இருபத்தைந்து என்றால், பல்கனியில் தொங்கவிட்ட ஈரத் துவாய் பலகையாகும்வரை நம்பமாட்டார். கோயில் ஐயர் குறித்த நல்ல நேரத்தை ரொறன்ரோ ஐயரிடம் போன் எடுத்துச் சரிபார்த்தார். அதற்குள் நல்ல நேரம் முடிந்துவிட்டது.

போன மாசியில் எனக்கொரு வாய்ப்பு வந்தது. தென்னமெரிக்காவில், எக்குவடோரின் கோட்டோபாக்சி எரிமலைக்குப் போகும் ஆய்வுக் குழுவில் மாணவருக்கு ஒரேயொரு இடம். பேராசிரியர்கள் முன் பத்து நிமிடம் பேசி அதை வெல்லவேண்டும். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். வீட்டில் பேசிப் பார்க்க வழியில்லை. நான் வாயைத் திறந்ததும் அம்மா கைதட்டிவிடுவா. ஆகவே சனிக்கிழமை, கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் அண்ணையைப் பிடித்தேன். உடுப்பு காயும்வரை அவர் தப்ப முடியாது.

“அண்ணை, இந்த மலை ஆயிரக்கணக்கான வருசமா வெடிக்குது. ஒரு காலம் வெள்ளைச் சாம்பல், ஒரு காலம் கறுப்பு.”

“ஆர் கண்டது?”

ஒருவரும் காணவில்லை. நிலத்தை வெட்டினால் சாம்பல் படைபடையாகத் தெரியும், இடையில் கருகிய செடிகளின் கரியை வைத்து வயது சொல்லலாம் என்றேன். கரியைப் பிறகு யாரும் புதைத்திருந்தால் என்றார். நான் உடுப்பை மடித்துவைத்துவிட்டு நூலகத்துக்கு ஓடினேன்.

அடுத்த சனிக்கிழமை பதிலோடு வந்தேன். மலையைச் சுற்றி எத்தனையோ இடங்களில் அதே படைகள், அதே ஒழுங்கில். புதைத்தவன் ஒரு மாகாணத்தையே கிண்டியிருக்க வேண்டும். அண்ணை காய்ந்த உடுப்பை மறுபடியும் இயந்திரத்துக்குள் போட்டார்.

1877 வெடிப்பில் உச்சிப் பனி உருகி, சேறு ஒரே நாளுக்குள் பசுபிக் கடல்வரை ஓடியது, கண்டவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள் என்று பெருமையோடு சொன்னேன்.

“கண்டவன் கூட்டித்தான் சொல்லுவான், பிள்ளை.”

காணாதவனையும் நம்பாதவர், கண்டவனையும் நம்பவில்லை! சேறு உருட்டிவந்து பள்ளத்தாக்கில் விட்ட பாறைகளைப் பற்றித் தேடி வாசித்தேன். பாறை கூட்டிச் சொல்லாது என்று ஒத்துக்கொண்டார்.

தேர்வு நாளில் ஒரு பேராசிரியர் பிரெஞ்சில் கேட்ட முதல் கேள்வி: அந்தச் சாம்பல் படைகளின் வயதை எப்படி நம்புவது? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு சனிக்கிழமை தோய்த்துக் காயப்போட்ட பதில் என்னிடம் இருந்தது. இடம் எனக்கே கிடைத்தது!

இடம் கிடைத்த கடிதத்தை அண்ணை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் வாசித்தார். பல்கலைக்கழகத்துக்கு ஒருக்கா போன் எடுத்துக் கேட்கட்டோ என்றார்.

நேற்றுப் பயணப் படிவத்தைக் கொடுத்துவிட்டேன். ‘ஆபத்தென்றால் யாருக்கு அறிவிப்பது?’ என்ற இடத்துக்காக, முதன்முறையாக அண்ணையின் உண்மைப் பெயரைக் கேட்டேன். அடையாள அட்டையை நீட்டி, “பாத்து எழுது,” என்றார். அம்மா போன் மணிக்கே அழுதுவிடுவா. நான் எரிமலைக்குள் விழுந்துவிட்டேன் என்று யாராவது சொன்னால், “ஆர் கண்டது?” என்று கேட்டு, என்னை உயிரோடு வைத்திருக்க அண்ணையால்தான் முடியும்.