நெளிந்த பூச்சியம்

அமைதியின் விலை தொண்ணூறாயிரம் ரூபா. பாட்டின் விலையைச் சொல்லவில்லை, பாட்டு எங்கும் கிடைக்கும். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே கிடக்கிறதே, அந்த அமைதியின் விலை. அதைக் கணினிக்குள் இறக்கிவைக்க உலகத்தில் ஒரே ஒருவரால்தான் முடியும், அவர் இப்போது கொக்குவிலில் தங்கியிருக்கிறார் என்று மானிப்பாய் முதல் நெல்லியடி வரை ஒரே பேச்சு.

பெயர் ஜெயதீபன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். 'நாதஜோதி' என்று சொல்ல வேண்டும். வெள்ளை ஜிப்பா. உருத்திராட்சம் தொங்க வேண்டிய கழுத்தில் ஒரு ஹெட்போன். ஐரோப்பாவில் பெரிய ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் பல வருடம் இருந்தவராம். அங்கே என்ன வேலை செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. நிலம் கூட்டுகிறவனும் ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் இருக்கிறான்.

அவர் விற்றது ஒரு மென்பொருள். கணினியில் கிடக்கும் பாட்டை எடுத்து ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதன் வேலை. அதே வேலையை ஒரு சதம் வாங்காமல் செய்யும் மென்பொருட்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் சும்மா கிடைத்ததைக் காட்டி ஊரில் யாரிடம் பெருமையடிப்பது? நாதஜோதியின் சரக்கில் மூன்று தரம் இருந்தது: வெளிவீதி, உள்வீதி, மூலஸ்தானம். வெளிவீதி வாங்கினால் பாட்டுக் கேட்கும். உள்வீதி வாங்கினால் பாடகர் மூச்சு விடுவது கேட்கும். மூலஸ்தானம் வாங்கினால் பாடகர் பாட நினைத்து விட்டுவிட்டதும் கேட்கும். அதன் விலைதான் முதலில் சொன்ன தொண்ணூறாயிரம்.

ஏற்றுவதற்கும் முறை உண்டு. நல்ல நேரம் பார்க்க வேண்டும். கணினி கிழக்குப் பார்த்து இருக்க வேண்டும். அன்று வீட்டில் மீன் இறைச்சி என்று மச்சம் எதுவும் காய்ச்சக் கூடாது. ஃபிரிட்ஜை நிறுத்தவேண்டும், அதன் மோட்டர் சுரத்தைக் கடிக்குமாம். மானிப்பாய் டொக்டர் ஒருவர் அப்படி நிறுத்தியதில் உள்ளே இருந்த இறால் முழுவதும் நாறிப்போனது. ஆனால் புல்லாங்குழல் மணந்தது என்று டொக்டர் சத்தியம் பண்ணினார்.

பஞ்சலிங்கத்தார் இதில் மாட்டியதுதான் விசேஷம். அவர் வெங்காய மொத்த வியாபாரி. மூட்டையை மோந்து பார்த்தே எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவார். தோட்டக்காரன் நூறு கிலோ கொண்டுவந்தால் மண், ஈரம், சருகு என்று பத்துக் கிலோவைக் 'கழிவு' கழித்துவிட்டுத் தொண்ணூறுக்குத்தான் காசு எண்ணுவார். கழிவு கழிக்காத மூட்டை அவர் கடைவாசலைத் தாண்டியது கிடையாது. அப்படிப்பட்டவரை மடக்க நாதஜோதிக்கு ஒரு வசனம் போதுமாயிருந்தது. அதைக் கண்டுபிடிக்க அவர் சந்தையில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்திருந்தார்.

மகன் லக்ஷன் கனடாவிலிருந்து அனுப்பிய ஆளுயர ஸ்பீக்கர்களைத் தட்டிப் பார்த்துவிட்டு நாதஜோதி பெருமூச்சு விட்டார்.

"ஐயா, உங்கடை பாட்டிலை பத்து வீதம் கழிவு போகுது."

"கழிவோ?"

"ஓம். கணினிக்குள்ளை எல்லாம் ஒண்டும் பூச்சியமும்தானே? உங்கடை பூச்சியமெல்லாம் நெளிஞ்சுபோய்க் கிடக்கு. என்ரை மென்பொருள் அதுகளைத் திரும்ப வட்டமாக்கும்."

ஊரார் மூட்டையிலேயே கழிவு கண்டு பழகிய மனிதருக்குத் தன் மூட்டையிலும் கழிவு என்றதும் கைகால் ஓடவில்லை. "மூலஸ்தானமே ஏத்துங்கோ" என்றார். பேரம் பேசவில்லை. தொட்டுப் பார்க்கும் சரக்கையெல்லாம் அடித்துப் பேசி வாங்கிய மனிதர், தொடவே முடியாத ஒன்றைச் சொன்ன விலைக்கு வாங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் வளவில் கார் விட இடமில்லை. மூலஸ்தானம் ஏறுவதைப் பார்க்க ஊரே திரண்டு வந்திருந்தது. வாடகைக் கதிரைகள் போட்டாகிவிட்டன. முன்வரிசையில் இறால் புகழ் டொக்டர். பக்கத்தில் நெல்லியடியில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆழ்வாப்பிள்ளை மாஸ்டர். பூச்சியம் எப்படி நெளியும் என்று கேட்டிருக்க வேண்டிய மனிதர் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

நாதஜோதி சந்தனம் பூசிய ஒரு பென்டிரைவை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். "இதுதான் சாவி. இதைச் செருகினால்தான் என்ரை மென்பொருள் கண் திறக்கும். ஆரும் களவாய்ப் பிரதி எடுக்கேலாது."

செருகினார். முதலில் வீட்டில் இருந்த இலவச மென்பொருளில் ஒரு வயலின் வாசிப்பைப் போட்டார். பிறகு தன்னுடையதில் அதையே போட்டார்.

"இப்ப?"

"ஆகா!" என்றார் டொக்டர். அவர் சொன்ன பிறகு மற்றவர்கள் சொல்லாமல் இருக்க முடியுமா? காது மந்தம் என்று பெயர் எடுக்க யாருக்கு ஆசை? கடைசிக் கதிரை வரை ஆகா ஓடியது.

பஞ்சலிங்கத்தாரும் ஆகா சொன்னார். ஆனால் சொல்லும்போதே ஒன்றைக் கண்டார். மென்பொருள் மாறும் ஒவ்வொரு முறையும் நாதஜோதியின் இடதுகைச் சின்னவிரல், சத்தம் கூட்டுகிற குமிழில் பட்டும் படாமலும் போய் வந்தது. அந்த விரலை அவருக்குத் தெரியும். தராசுத் தட்டின் விளிம்பில் அப்படி ஒரு விரல் வைத்துத்தான் அவர் இந்த வீட்டைக் கட்டினார். கண்டதை வெளியே சொன்னால், உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே!

"இனிக் கடைசிக் கிரியை" என்றார் நாதஜோதி. திரையில் ஒரு கோப்பின்மேல் அம்புக்குறியை நிறுத்தினார். "உது என்ன?"

பஞ்சலிங்கத்தார் குரலைத் தணித்தார். "உது... என்ரை மனுசி ஞானாம்பிகை பள்ளிக்கூடத்து இசைப்போட்டியிலை படிச்ச பாட்டு. கசற்றிலை இருந்தது. அது பூஞ்சணம் பிடிச்சுப் போக முதல் மகள் கணினியிலை ஏத்தினவள்."

"வேறை பிரதி?"

"இல்லை."

"நல்லதாய்ப் போச்சு. உது தீட்டுச் சத்தம். உது உள்ளுக்கை கிடந்தால் மற்றப் பூச்சியமெல்லாம் திரும்ப நெளியும். அழியுங்கோ."

அந்தப் பாட்டில் தொடக்கம் முதல் முடிவு வரை இரைச்சல். நடுவில் ஒரு காகம் வேறு கத்தும். எந்த மூலஸ்தானத்தில் ஏற்றினாலும் அந்தக் காகம் கத்தத்தான் போகிறது. அது நாதஜோதிக்குத் தெரியும். அதனால்தான் அது தீட்டு.

கலியாணத்துக்குப் பிறகு ஞானாம்பிகை வாய்விட்டுப் பாடியது கிடையாது. பஞ்சலிங்கத்தார் ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைச் சாத்திவிட்டு அதைப் போட்டுக் கேட்பார். அவள் கேட்காதது மாதிரி வெங்காயம் உரிப்பாள். இருவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஒரு பழைய பாட்டுத்தானே அண்ணை, அழிச்சு விடுங்கோ!" என்றார் டொக்டர்.

"நல்ல நேரம் போகுது!" என்றார் ஆழ்வாப்பிள்ளை மாஸ்டர்.

பஞ்சலிங்கத்தாரின் விரல் மவுஸின் மேல் போய் நின்றது. முன்னால் ஊர். பின்னால் அடுப்படி வாசலில் ஞானாம்பிகை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் பொறுங்கோ." ஞானாம்பிகை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "தம்பி, அழியப்போறது என்ரை குரல். அதுக்கு முதல் உந்தப் புதுச் சத்தத்தை நானும் ஒருக்கா வடிவாய்க் கேக்கலாமே? அடுப்படியிலை நிண்டதாலை ஒண்டும் விளங்கேல்லை."

தம்பி என்றதில் நாதஜோதியின் முகம் சுருங்கியது. ஆனாலும் சிரித்தார். "தாராளமாய்க் கேளுங்கோ அம்மா."

"நீங்கள் களைச்சுப்போனியள். முன்னாலை வந்து இருங்கோ. மகள் போடுவாள்."

மகள் நிவேதனா கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஞானாம்பிகை கொடியில் கிடந்த ஒரு சேலையை எடுத்து, மகளுக்கு மட்டும் தெரிகிற மாதிரித் திரையையும் பெட்டியையும் சேர்த்து மூடினாள். வயரைச் சரிசெய்கிறவள் மாதிரிக் குனிந்து நிமிர்ந்தாள்.

"உதேன் மூடுறியள்?" என்றார் டொக்டர்.

"பாட்டுக் கேக்கிறதுக்குக் கண் என்னத்துக்கு, டொக்டர்?"

வயலின் ஒலித்தது. "இது பழசு" என்றாள் ஞானாம்பிகை.

டொக்டர் மூக்கைச் சுளித்தார். "ஐயோ, கரகரக்குது."

"தகரப் பேணிக்குள்ளை இருந்து வாசிக்கிற மாதிரி!" என்றார் மாஸ்டர்.

நாதஜோதி கண்ணை மூடித் தலையாட்டினார். "பூச்சியம் நெளியுற சத்தம். கேக்குதே?"

கேட்டது. எல்லாருக்கும் கேட்டது.

வயலின் நின்றது. மறுபடி ஒலித்தது. "இது புதுசு."

டொக்டரின் கண்ணில் தண்ணீர். "வில்லிலை இருக்கிற குதிரை மயிர் ஒவ்வொண்டாய்க் கேக்குது!" என்று மாஸ்டர் எழும்பியே விட்டார். நாதஜோதி இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார். "மூலஸ்தானம்! திரை விலகீட்டுது! சுரத்துக்கு நடுவிலை அமைதி நிக்குது பாருங்கோ!"

"நிக்குது, நிக்குது!" என்றது கூட்டம்.

ஞானாம்பிகை மூடியிருந்த வலதுகையை விரித்தாள். உள்ளங்கை முழுவதும் சந்தனம். நடுவில் பென்டிரைவ்.

"தம்பி, உது செருகினால்தானே உங்கடை மென்பொருள் கண் திறக்கும்?"

ஒருவரும் மூச்சு விடவில்லை. அமைதி என்றால் அதுதான் அமைதி. அதை மட்டும் இலவசமாகக் கேட்டார்கள்.

"பழசு எண்டு போட்டதும் பழசுதான். புதுசு எண்டு போட்டதும் பழசுதான். ரெண்டாம்முறை, நான் காதிலை சொல்லிவிட்டபடி, பிள்ளை சத்தத்தை ஒரு நூல் கூட்டினவள். உங்கடை சின்னவிரல் செய்த வேலையைத்தான் அவளும் செய்தாள். எனக்கு உந்த விரலை நல்லாய்த் தெரியும் தம்பி. நான் தராசுக்காரரோடை குடும்பம் நடத்துறன்."

கூட்டம் சிரித்தது. பஞ்சலிங்கத்தார் தன் சின்னவிரலை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டார்.

நாதஜோதி எழுந்தார். "சந்தேகம் பிடிச்ச வீட்டிலை நாதம் இறங்காது!"

"இறங்கீட்டுது எண்டு இப்ப கையைத் தூக்கினது ஆர்?" என்றாள் நிவேதனா. "சரி, சாவியைச் செருகுறன். ரெண்டுக்கும் சத்தம் ஒரே அளவு. மாத்தி மாத்திப் போடுறன், எது எது எண்டு நீங்கள் சொல்லுங்கோ. சரியாய்ச் சொன்னால் அம்மான்ரை பாட்டை நானே அழிக்கிறன்."

நாதஜோதி மணிக்கூட்டைப் பார்த்தார். "பத்தரை. ராகுகாலம் தொடங்கீட்டுது" என்று சாவியைப் பிடுங்கி ஜிப்பாவில் போட்டார். பொய்க்கு மூன்று தரம் வைத்த மனிதரிடம் உண்மைக்கு ஒரு முகூர்த்தம்கூட இல்லை.

"நில்லும்" என்றார் பஞ்சலிங்கத்தார். வெற்றிலைத் தட்டத்தில் மஞ்சள் தடவி வைத்திருந்த காசு உறையை எடுத்துத் தன் மடியில் செருகினார். "உம்மடை சரக்கிலை எனக்கு நூறு வீதமும் கழிவு. போம்."

பிறகு யாரையும் கேட்காமல் மவுஸைப் பிடித்தார். கதவு திறந்தபடியே கிடந்தது. ஆளுயர ஸ்பீக்கர் இரண்டிலிருந்தும் இரைச்சல் கிளம்பியது. இரைச்சலுக்குள்ளிருந்து பதினாறு வயதுக் குரல் ஒன்று மேலே ஏறியது. நடுவில் காகமும் கத்தியது.

"ஆக்களுக்கு முன்னாலை என்னப்பா இது, நிப்பாட்டுங்கோ" என்றாள் ஞானாம்பிகை.

அவர் நிறுத்தவில்லை. ஒருவரும் ஆகா சொல்லவில்லை. எப்போது சொல்ல வேண்டும் என்று காட்டித்தர முன்னால் ஆளில்லை.

வெளியே கேற்றடியில் ஒரு காட்சி. ஆழ்வாப்பிள்ளை மாஸ்டர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நாதஜோதியின் பின்னால் ஓடினார். "ஐயா, நடந்ததை விடுங்கோ. மூலஸ்தானம் எனக்கு வேண்டாம். வெளிவீதியை மட்டும் பாதி விலைக்குத் தருவியளோ?"

அன்றைய கணக்கை முடித்துவிடலாம். வீட்டில் நின்றவர்கள், ஹெட்போன் சாமியாரை நீக்கி, முப்பது பேர். காது அறுபது. அறுபதும் பழுதில்லை, அவற்றின்மேல் குற்றம் சொல்ல முடியாது. பட்டம் வாங்கியவர்கள் பதினொருவர். ஆகா சொன்ன வாய் இருபத்தெட்டு. மூடிவிட்டுக் கேட்டுப் பார்ப்போமே என்று தோன்றிய தலை ஒன்று, அதற்குத் துணைபோன தலை ஒன்று. வரவு இரண்டு. நிலுவை இருபத்தெட்டுத் தலை. அடுத்த சாமியார் வாசல் படலையைத் தட்டுவதற்கு முன் அவரவர் கட்டித் தீர்ப்பது நல்லது.